பல்லி ஓடும் பானை

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், 1974ஆம் ஆண்டு உயர்தர வகுப்பினர் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்த நூற்றாண்டு விழாவில் ஒவ்வொரு வகுப்பினரும் தமக்கு வழிகாட்டிய ஒரு பெண்ணைப் பற்றிப் பேச வேண்டும் என்று சங்கம் கேட்டுக்கொண்டது. எமக்கு முன் பேசிய அக்காமார் எமது முதல் அதிபரைப் பற்றியும், விடுதிப் பொறுப்பாளராக இருந்த ரீச்சரைப் பற்றியும், வைத்தியராகிப் பேரெடுத்த பழைய மாணவியைப் பற்றியும் பேசினார்கள். நாம் தெரிந்தெடுத்தவர் எமது கல்லூரிப் படலையைக் கண்டவரல்லர். எந்தப் பாடசாலைப் படலைக்குள்ளும் மாணவியாக நுழைந்தவருமல்லர். அவர் நைஜீரிய நாட்டில் பிறந்த மட்பாண்டக் கலைஞர் லாடி க்வாலி. அவரை ஏன் தெரிந்தெடுத்தோம் என்பதை இறுதியில் சொல்வோம். அங்கே உங்கள் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது.

இவ்வுரையை ஒருவர் வாசித்தாலும் எழுதியவர்கள் நாம் எல்லோரும்தான். யாழ்ப்பாணத்தில் இருப்போர், கொழும்பில் இருப்போர், லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருப்போர் என்று தொலைபேசியில் பேசிப் பேசிச் சேர்த்தது இது.

2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில், லண்டனில் வாழும் எம்மில் மூவர் ஒரு கண்காட்சிக்குப் போனோம். தேம்ஸ் நதிக்கு அருகே, டூ டெம்பிள் பிளேஸ் என்ற பழைய மாளிகையில் அது நடந்தது. கறுப்பினப் பெண் கலைஞர்களின் மட்பாண்டங்களைக் காட்டும் கண்காட்சி. கொரோனாக் காலம் முழுவதும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்த நாம், சந்திப்பதற்கு ஒரு சாட்டாகத்தான் அங்கே போனோம் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

அங்கே பெரிய தண்ணீர்ப் பானை ஒன்று இருந்தது. உருண்டையான வயிறு, ஒடுங்கிய கழுத்து, விரிந்த வாய். கருமை கலந்த பச்சை நிறத்தில் கண்ணாடி போன்ற பூச்சு. அந்தப் பூச்சுக்கு அடியில் வெளிறிய கோடுகளாக ஓர் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. எம்மில் ஒருத்தி அதைப் பார்த்ததும், "அடி, பல்லியடி!" என்று உரத்துக் கத்திவிட்டாள். காவலில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். அறுபத்தாறு வயதில் மூன்று பேரும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் போல வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். எமது விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தின் சுவரில், விளக்குக்கு அருகே, பூச்சிக்குக் காத்திருக்குமே, அதே பல்லி. கால்களை அகட்டி, வாலை வளைத்து, அசையாமல் நிற்கும் அதே நிலை. அந்தப் பானையைச் செய்தவர் பெயர் லாடி க்வாலி என்று கீழே எழுதியிருந்தது. அன்று தொடங்கியது இந்தத் தேடல்.

லாடி க்வாலி ஏறத்தாழ 1925இல் பிறந்தார். நைஜீரியாவின் நடுப்பகுதியில் இருக்கும் க்வாலி என்ற கிராமம் அவரது ஊர். அயலவர் க்வாரி என்று அழைக்கும், தம்மைத் தாமே க்பாரி என்று சொல்லிக்கொள்ளும் மக்களைச் சேர்ந்தவர். ஹவுசா மொழியில் லாடி என்றால் ஞாயிற்றுக்கிழமை பிறந்தவள். ஆகவே அவர் பெயரின் பொருள், க்வாலி ஊரில் ஞாயிற்றுக்கிழமை பிறந்தவள் என்பது மட்டும்தான். பெயர் என்று சொல்வதற்கு ஒரு கிழமையும் ஓர் ஊரும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் இதற்கு வருவோம்.

எமது ஊர்களில் சக்கரத்தில் பானை வனைவது பெரும்பாலும் ஆண்களின் வேலை. பெண்கள் மண் மிதிப்பார்கள், தட்டுவார்கள், சுமந்து விற்பார்கள். க்வாரி மக்களிடம் பானை செய்வது முழுக்கப் பெண்களின் கைவேலை. சக்கரம் கிடையாது. லாடி சிறுமியாக இருந்தபோது தமது மாமியிடமிருந்து இதைக் கற்றார். களிமண்ணைக் கயிறு போல உருட்டித் திரிகளாக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி வைத்து, விரலால் இழுத்து இணைத்து, தட்டையான பலகையால் உட்புறமிருந்து தட்டிச் சுவரை உயர்த்த வேண்டும். பானை நிலத்தில் அசையாமல் இருக்கும். செய்பவர்தான் அதைச் சுற்றி நடப்பார். சுற்றுவது சக்கரமல்ல, பெண். பின்னாளில் வெளிநாடுகளில் அவர் செய்து காட்டியபோது, பார்த்தவர்கள் மறக்காமல் இருந்தது இந்த நடையைத்தான்.

பானை உருவான பிறகு அதன்மேல் கோடு கீறுவார். முறுக்கிய நூலையோ, வெட்டுக்கள் இட்ட சிறு மரத்துண்டையோ ஈரமண்ணில் உருட்டிப் பட்டை பட்டையாகப் புள்ளிகள் பதிப்பார். அவற்றுக்கிடையே பல்லி, தேள், முதலை, பச்சோந்தி, பாம்பு, பறவை, மீன். காய்ந்த புல்லையும் சுள்ளியையும் பானைகள்மேல் குவித்துத் தீ மூட்டிச் சுடுவார்கள். எமது ஊர்ச் சூளை அளவுக்குக்கூட அது கட்டிடமல்ல, திறந்தவெளி நெருப்பு.

இந்த உயிர்களின் பட்டியலைப் பாருங்கள். சிங்கமில்லை, யானையில்லை, மயில் இல்லை. அரண்மனைச் சுவருக்கும் கொடிச் சீலைக்கும் ஏற்ற பெருமைக்குரிய விலங்கு ஒன்றும் இல்லை. கிணற்றடிக்குப் போகும்போதும் விறகு பொறுக்கும்போதும் ஒரு பெண்ணின் காலடியில் ஓடுகின்றவை மட்டுமே இருக்கின்றன. தேளைக் கண்டால் காலை எடுக்க வேண்டும், மீனைக் கண்டால் கையை நீட்ட வேண்டும். அன்றாடம் பார்த்துப் பார்த்து, பார்க்காமலே கீறக்கூடிய அளவுக்கு அவை அவர் கையில் இருந்தன.

அந்த மாளிகையில் நின்றபோது எமது சித்திர வகுப்பு நினைவுக்கு வந்தது. அப்பிள் பழமும் திராட்சைக் குலையும் கீறினோம். நாம் ஒருவரும் கண்டிராத டவ்வடில் பூவைக் கீறி, மஞ்சள் நிறம் தீட்டிப் பரிசும் வாங்கினோம். யன்னலுக்கு வெளியே செவ்வரத்தை நின்றது. வேலியில் ஓணான் தலையாட்டிக்கொண்டு நின்றது. பனையில் தூக்கணாங்குருவிக் கூடு தொங்கியது. அவற்றைக் கீறலாம் என்று எமக்குத் தோன்றவேயில்லை. பல்லி எமக்குச் சகுனம் சொல்லும் பிராணி. தலையில் விழுந்தால் என்ன பலன், தோளில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் பார்த்தோமே தவிர, அதன் விரல்கள் எப்படி விரிந்திருக்கின்றன என்று பார்க்கவில்லை. விலங்கியல் வகுப்பில் தவளையை வெட்டிப் படம் கீறியபோதுகூட, அது எமது கிணற்றடித் தவளை என்ற நினைவு வரவில்லை. இதற்காக எமது ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்குக் கிடைத்த பாடப் புத்தகம் அப்படி. ஆனாலும் இழப்பு எமதுதான்.

லாடியின் கதைக்குத் திரும்புவோம். அப்போது அபுஜா என்று அழைக்கப்பட்ட ஊர் இன்று சுலேஜா. புதிய தலைநகருக்கு அபுஜா என்ற பெயரைக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பழைய அபுஜாவின் அமீர் சுலைமான் பராவ் தமது மாளிகையில் லாடி செய்த பானைகள் சிலவற்றை வைத்திருந்தார். 1950இல் அவற்றை மைக்கல் கார்டியூ என்ற ஆங்கிலேய மட்பாண்டக் கலைஞர் பார்த்தார். கார்டியூ, பிரித்தானியாவில் நவீன மட்பாண்டக் கலைக்கு வழி அமைத்த பேர்னாட் லீச்சிடம் பயின்றவர். குடியேற்ற அரசு அவரை நைஜீரியாவில் மட்பாண்ட உத்தியோகத்தராக நியமித்திருந்தது. அவர் 1952இல் அபுஜாவில் ஒரு பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார். சக்கரமும், உயர் வெப்பச் சூளையும், கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சும் அங்கே கற்பிக்கப்பட்டன.

இங்கே ஒரு விசயத்தைக் கவனியுங்கள். அந்தப் பிரதேசத்தில் பானை செய்யும் அறிவு பெண்களிடம் இருந்தது. பயிற்சி நிலையத்தில் சேர்க்கப்பட்டவர்களோ ஆண்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1954இல், முதல் பெண்ணாக லாடி க்வாலி சேர்ந்தார். வயது முப்பதை நெருங்கியிருந்தது. தம் ஊரில் ஏற்கனவே பேரெடுத்தவர், பயிற்சி பெற வந்தவராகப் பதியப்பட்டார். பின்னர் ஹலீமா ஔடு, அசிபி இடோ, கண்டே உஷாபா போன்ற க்வாரிப் பெண்களும் வந்து சேர்ந்தார்கள்.

லாடி சக்கரத்தில் வனையவும் கற்றார். கிண்ணங்களும் தட்டுகளும் செய்தார். களிக் குழம்பில் தோய்த்தெடுத்த பாத்திரத்தின் மேல் முள்ளம்பன்றி முள்ளால் கீறி, அடியிலுள்ள மண்ணின் நிறம் தெரியுமாறு உருவங்கள் வரைந்தார். ஆனால் பெரிய தண்ணீர்ப் பானைகளை மட்டும் கடைசிவரை மாமி காட்டிய முறையிலேயே, திரி வைத்து, சுற்றி நடந்து செய்தார். அவற்றின் கோடுகளில் வெண்களியை நிரப்பி, கிளேஸ் பூசி, சூளையில் ஏறத்தாழ 1300 பாகை செல்சியஸ் வரை சுட்டார்கள். லண்டனில் நாம் பார்த்தது அப்படிப்பட்ட பானையைத்தான். மாமியிடம் கற்ற கையும் வெளியார் கொண்டுவந்த நெருப்பும் சேர்ந்து பிறந்தது.

இதை வெற்றிக் கதையாக மட்டும் சொல்லி முடித்திருப்போம். எம்மில் ஒருத்தி விடவில்லை. அவள் முப்பது வருடம் இரசாயனவியல் கற்பித்தவள். "அது சரி, அந்தப் பானையில் தண்ணீர் குளிருமோ?" என்று கேட்டாள்.

குளிராது. எமது வீட்டு மண் கூசாவை நினைத்துப் பாருங்கள். திறந்த நெருப்பில் குறைந்த வெப்பத்தில் சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும். அவற்றின் வழியே நீர் கசிந்து வெளிப்புறத்தில் ஆவியாகும். ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2400 யூல் வெப்பம் வேண்டும். ஒரு லீற்றர் தண்ணீரை ஒரு பாகை குளிர்விக்க 4200 யூல் வெப்பத்தை அகற்றினால் போதும். ஆகவே இரண்டு கிராம் நீர் கசிந்து ஆவியாகி, அதற்கான வெப்பம் முழுவதும் உள்ளிருந்தே போனால், கூசாவில் இருக்கும் ஒரு லீற்றர் ஒரு பாகைக்கு மேல் குளிரும். பத்தாம் வகுப்பில் மறைவெப்பம் என்று மனப்பாடம் செய்தோமே, அதுதான். பங்குனி வெயிலில் பாடசாலை விட்டு வந்து கூசாத் தண்ணீரைக் குடித்தபோது அந்தப் பாடம் எமது தொண்டைக்குள் இறங்கியது. நாம்தான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

1300 பாகையில் மண் இறுகிக் கல் போலாகிவிடும். துளைகள் அடைபட்டுப்போகும். மேலே கண்ணாடிப் பூச்சு வேறு. தண்ணீர் கசியாது, ஆவியாகாது, குளிராது. லாடியின் புதிய பானைகள் க்வாலிக் கிராமத்துக் குடிசைக்கு உதவாதவை. அவற்றைச் சீமைக்காரரும் வசதி படைத்தோரும் வாங்கி வீட்டு மண்டபத்தில் வைத்தார்கள். நூதனசாலைகள் வாங்கின. பானைக்குப் பெயர் கிடைத்தது, தொழில் போய்விட்டது.

இதைக் குறித்து எமக்குள் பெரிய விவாதமே நடந்தது. ரொறன்ரோவில் இருப்பவள், "அப்படியென்றால் அவரைக் கெடுத்துவிட்டார்கள்" என்றாள். கொழும்பில் இருப்பவள் ஒத்துக்கொள்ளவில்லை. "கிராமத்தில் இருந்திருந்தால் அவர் பானை எல்லாம் உடைந்து மண்ணோடு போயிருக்கும். நீயும் நானும் அவர் பெயரைக் கேட்டே இருக்க மாட்டோம்" என்றாள். இரண்டும் உண்மையென்றுதான் எமக்குப் படுகிறது. படித்த பெண்களான எமக்கும் இதேதான் நடந்தது. ஊரில் இருந்து எடுத்து, உயர்ந்த வெப்பத்தில் சுட்டு, உலகம் மதிக்கும் பாத்திரங்களாக எம்மை ஆக்கினார்கள். அதற்கு நாம் நன்றியுடையவர்கள். ஆனால் எம்மில் எத்தனை பேருக்கு அம்மாவின் கைப்பக்குவத்தில் ஓடியற்கூழ் காய்ச்சத் தெரியும்? எத்தனை பேருக்கு ஓலை கிழித்துப் பாய் இழைக்கத் தெரியும்?

லாடிக்கு வந்த பெருமைகளையும் சொல்ல வேண்டும். 1958 முதல் லண்டன் பேர்க்லி கலரியில் அவரது பானைகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1962இல் பிரித்தானியாவிலும் 1972இல் அமெரிக்காவிலும் அவர் நேரில் பானை செய்து காட்டினார். 1960களின் தொடக்கத்தில் பிரித்தானிய அரசின் எம்.பி.ஈ. விருது கிடைத்தது. 1977இல், சாரியா நகரிலுள்ள அஹ்மது பெல்லோ பல்கலைக்கழகம், ஒரு நாளும் வகுப்பில் இருந்து படித்திராத அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கியது. 1980இல் நைஜீரியத் தேசியச் சிறப்பு விருது. அவர் 1984 ஓகஸ்ட் 12ஆம் திகதி காலமானார். அந்தப் பயிற்சி நிலையத்துக்கே அவரது பெயரைச் சூட்டினார்கள். இன்று நைஜீரியாவின் 20 நைரா நாணயத்தாளைத் திருப்பிப் பார்த்தால், பானையோடு லாடி க்வாலி இருக்கிறார்.

இந்த விருதுகள் எல்லாவற்றையும்விட எம்மைத் தொட்டது வேறொன்று. 1974ஆம் ஆண்டு, நாம் உயர்தரப் பரீட்சை எழுதிய அதே ஆண்டு, கென்யாவில் பிறந்த மக்டலீன் ஒடுண்டோ என்ற இளம்பெண் இங்கிலாந்தில் கலை பயின்றுகொண்டிருந்தார். கார்டியூ சொல்லி அவர் அபுஜாவுக்குப் போனார். அங்கே லாடி க்வாலியிடமும் மற்றப் பெண்களிடமும் சக்கரமின்றிக் கையால் பானை எழுப்பக் கற்றார். இன்று உலகின் தலைசிறந்த மட்பாண்டக் கலைஞர்களில் ஒருவர் அவர். மாமியிடமிருந்து லாடிக்கு, லாடியிடமிருந்து ஒடுண்டோவுக்கு. இடையில் கரும்பலகை இல்லை, சான்றிதழ் இல்லை. பார்த்துக்கொண்டிருந்த கண்ணும் செய்துகொண்டிருந்த கையும்தான் இருந்தன. அதுவும் ஒரு பாடசாலைதான் என்று சொல்ல நாம் இவ்வளவு வயதாகும்வரை காத்திருந்தோம்.

இனி, ஏன் லாடி க்வாலி என்ற கேள்விக்கு வருகிறோம்.

அந்தக் கண்காட்சி முடிந்து, பக்கத்துத் தேநீர்க் கடையில் இருந்தபோது, எம்மில் ஒருத்தி கேட்டாள்: "எங்கட பானை ஆச்சியின்ரை பேர் என்னடி?"

எமது காலத்தவர்களுக்கும் எமக்கு முந்திய அக்காமாருக்கும் அவரைத் தெரிந்திருக்கும். தைப்பொங்கலுக்கு ஒரு கிழமை முன்னதாக, கல்லூரிப் பொங்கலுக்கான பானைகளோடு அவர் வருவார். சில வருடம் வண்டிலில், சில வருடம் தலையில் கடகத்தோடு. வைக்கோலுக்கு நடுவே பானைகள் ஒன்றோடொன்று முட்டாமல் இருக்கும். மாமரத்தின் கீழ் இறக்கி வைத்து, ஒவ்வொன்றையும் விரல் மொளியால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பார். ஒருமுறை நாம் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தபோது, ஒரு பானையைத் தட்டிக் காட்டி, "நல்ல பானை பாடும் பிள்ளையள். வெடிச்ச பானை செத்த சத்தம் போடும்" என்றார். பிறகு எம்மையும் தட்டிப் பார்க்கச் சொன்னார். எமக்கு எல்லாம் ஒரே சத்தமாகக் கேட்டது. அவர் ஒன்றை மட்டும் ஒதுக்கி வைத்தார். கழுவும்போது அந்தப் பானையில் மயிரிழை அளவு வெடிப்பு இருந்ததைக் கண்டோம்.

அன்று மணி அடித்ததும் நாம் வகுப்புக்கு ஓடிவிட்டோம். பௌதிகவியல் வகுப்பு. பாடம், ஒலி அதிர்வு.

அவர் மாமரத்தடிக்கு அப்பால் வரவில்லை. நாமும் அவரை அழைக்கவில்லை. மண்ணை எங்கே எடுப்பீர்கள், எவ்வளவு மணல் சேர்ப்பீர்கள், சூடு போதும் என்று எதைக் கண்டு அறிவீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. களிமண்ணின் இரசாயனச் சூத்திரம் எமக்குத் தெரியும். அலுமினியமும் சிலிக்கனும் ஒட்சிசனும் ஐதரசனும் எந்த அளவில் சேரும் என்று எழுதிப் புள்ளி வாங்கினோம். ஏறத்தாழ 600 பாகைக்கு மேல் சுட்ட களி திரும்பச் சேறாகாது என்பதும் தெரியும். அதைத் தம் கையால் ஒவ்வொரு நாளும் செய்தவர் எமது படலைக்கு உள்ளே, மாமரத்தடியில், தண்ணீர் குடித்துக்கொண்டு இருந்தார். நாம் அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது யாழ்ப்பாணத்தில் இருந்த எம்மில் பலர், கையில் எடுத்துக்கொண்டு போனது காணி உறுதியும் பரீட்சைச் சான்றிதழ்களும் இருந்த ஒரு பையைத்தான். மழையில் நனையாமல் அதைச் சீலைக்குள் பொத்திக்கொண்டு நடந்தோம். குசினியில் கூசாவும் சட்டியும் இருந்தபடியே இருந்தன. யாரும் அவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. உயிர் போகும் நேரத்தில் சான்றிதழைக் காப்பாற்றியது தவறென்று சொல்ல மாட்டோம். அந்தச் சான்றிதழ்கள்தான் எம்மில் பலரைக் கரை சேர்த்தன. ஆனால் பானை ஆச்சி எதை எடுத்துக்கொண்டு போயிருப்பார்? அவரது படிப்பு முழுவதும் அவர் கையில் இருந்தது. அவர் நடந்துபோன இடத்தில் அந்த மண் இருந்ததோ என்னவோ.

லண்டனில் இருந்து திரும்பிய கிழமையே வகுப்பில் எல்லோருக்கும் தொலைபேசி எடுத்தோம். ஒருத்திக்கு அவரது வெற்றிலைச் சிவப்பு நினைவிருந்தது. இன்னொருத்திக்கு ஒரு பானையின் விலை நினைவிருந்தது. வேறொருத்தி, அவரோடு ஒரு சிறு பெண் பிள்ளை வருவாள், பேத்தியாக இருக்கும் என்றாள். பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை. யாழ்ப்பாணத்தில் இருக்கும் எமது தோழி, அவர் வந்ததாக நாம் நினைத்த ஊருக்கு நேரில் போய் விசாரித்தாள். அந்த ஒழுங்கையில் இப்போது வேறு ஆட்கள் இருக்கிறார்கள். சூளை இருந்த இடத்தில் வீடு இருக்கிறது.

எமது பழந்தமிழ்ப் புலவர் வரிசையிலும் ஒரு குயத்தி இருக்கிறார். புறநானூற்றின் 66ஆம் பாட்டைப் பாடிய வெண்ணிக் குயத்தியார். வெண்ணி என்பது ஊர், குயத்தி என்பது தொழில். அவரது சொந்தப் பெயர் எமக்கு வந்து சேரவில்லை. லாடி க்வாலிக்கு ஒரு கிழமையும் ஊரும் மிஞ்சின. வெண்ணிக் குயத்தியாருக்கு ஊரும் தொழிலும் மிஞ்சின. எமது பானை ஆச்சிக்கு எம்மிடம் மிஞ்சியிருப்பது தொழில் மட்டும்தான்.

ஆகவே எமது வேண்டுகோள் இது. இந்த மலர் இலங்கையிலும் வெளிநாடுகளிலும் இருக்கும் பழைய மாணவிகள் எல்லோர் கைக்கும் வரும். 1960களிலும் 1970களிலும் எமது கல்லூரிப் பொங்கலுக்குப் பானை கொண்டுவந்த ஆச்சியின் பெயரோ, ஊரோ, அவரோடு வந்த பேத்தியைப் பற்றியோ உங்களில் யாருக்காவது தெரிந்தால், சங்கத்துக்கு இரண்டு வரி எழுதுங்கள். வீட்டில் வயதான அம்மா, மாமி, பெரியம்மா இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். பெயர் கிடைத்தால், கல்லூரி வரலாற்றில் ஆசிரியர் பெயர்ப் பட்டியலோடு அதையும் சேர்க்கச் சங்கம் ஒத்துக்கொண்டிருக்கிறது.

இப்போது படிக்கும் தங்கைமாருக்கும் ஒன்று. அடுத்த பொங்கலுக்குப் பானை கடையிலிருந்து வரட்டும், எங்கிருந்தும் வரட்டும். அதைச் செய்தவரைத் தேடிப் பிடித்து, ஒரு நாளைக்கு உங்கள் விஞ்ஞான வகுப்புக்கு அழையுங்கள். வேடிக்கை காட்டுவதற்காக வேண்டாம். கதிரை கொடுத்து, ஆசிரியராக அழையுங்கள். நீங்கள் கொப்பியில் எழுத வேண்டிய முதல் வரி அவரது பெயராக இருக்கட்டும். அதற்கான செலவை எமது வகுப்பு ஒவ்வொரு வருடமும் ஏற்கும்.

அன்று ஒலி அதிர்வைப் பற்றிய பாடத்தில் நாம் நல்ல புள்ளி வாங்கினோம். ஆனால் நல்ல பானையின் சத்தமும் வெடித்த பானையின் சத்தமும் எமக்கு இன்னும் பிரித்துக் கேட்கத் தெரியாது. தெரிந்தவர் எமது மாமரத்தடியில் இருந்தார்.

எமது கல்லூரி இன்னும் பல நூற்றாண்டுகள் வாழ்க.